பேதிக்கு எடுப்பதற்கு முன்னால் ஏழு நாள்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது விளக்கெண்ணெய் என்று சொல்லிப் பாருங்கள். முகம் தானாகக் கோணும். முழுப்பரீட்சை லீவு விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்த கையோடு ஆச்சி பிடித்து உட்கார வைப்பாள். மூக்கை அமுக்கி, எண்ணெயை உள்ளே இறக்கி, வாய்க்கு ஒரு துண்டு கருப்பட்டி. அன்று பகல் முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடைதான். மத்தியானம் குழைய வடித்த ரசஞ்சோறு. சாயங்காலம் வாடின கீரைத்தண்டு மாதிரி திண்ணையில் சாய்ந்து கிடப்போம். "வயிறு சுத்தமாச்சு" என்று ஆச்சி திருப்தியாகச் சொல்வாள்.

அதற்கு அன்று ஒரு காரணம் இருந்தது. கால் செருப்பில்லாமல் வயக்காட்டில் திரிந்த பிள்ளைகள் வயிற்றில் பூச்சி இருந்தது. இப்போது அந்த வேலையை அல்பெண்டசோல் மாத்திரை செய்துவிடுகிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள். ஆனால் 'வயிறு சுத்தம்' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. டீடாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, பொடியாக, பச்சைச் சாறாக, 21 நாள் பாக்கெட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. முதன்முறையாக இதில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இறங்கி நனைந்தவன் என்ற ஒரே தகுதி எனக்குண்டு.

அந்தக் கதை இதுதான். ஒரு தீபாவளி முடிந்த வாரம். முறுக்கு, அதிரசம், போதாததற்கு அல்வா எல்லாம் சேர்ந்து வயிறு மந்தமாகக் கிடந்தது. ஒரு கடையில் 'உடல் கழிவு நீக்கும் பொடி' என்று பொட்டலம் வாங்கினேன். ராத்திரி அரை ஸ்பூன் வெந்நீரில் என்று எழுதியிருந்தது. எனக்கு அவசரம், இரண்டு ஸ்பூன் போட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. பதினோரு தடவைக்கு மேல் எண்ணவில்லை. மறுநாள் மத்தியானம் குனிந்து செருப்பு மாட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்த டாக்டர் சிரித்தார். "நிலாவரை அண்ணாச்சி. மலச்சிக்கல் மருந்தை விருந்துக் கணக்கில் சாப்பிட்டிருக்கீங்க."

நிலாவரை நம்ம ஊர்ச் சரக்குதான். அரேபியப் பக்கத்துச் செடி. இங்கே மானாவாரியில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகம் முழுக்கப் போகிறது. மேல்நாட்டு மருந்து நூல்களில் அதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவரை. ஆக, அல்வாவுக்கு மட்டுமில்லை, பேதிக்கும் ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற சென்னோசைடு மாத்திரையும் இதே இலையின் சத்துதான். சாப்பிட்ட 6 முதல் 12 மணி நேரத்தில் பெருங்குடலைச் சுருங்கவும் நீரைச் சுரக்கவும் வைக்கும். அதனால் வெளியே போவது மலம், தண்ணீர், உப்புகள். அவ்வளவுதான். பொட்டலத்தில் எழுதியிருந்த 'நச்சு' எதுவும் அந்த வழியில் வரிசை கட்டி நிற்கவில்லை.

சரி, அப்படியானால் உடம்பைச் சுத்தம் செய்வது யார்? கல்லீரலும் சிறுநீரகமும். சாராயத்தையும், சாப்பிடுகிற மாத்திரையையும், புரதம் செரித்தபின் மிஞ்சுகிற அம்மோனியாவையும் கல்லீரல் உடைத்து மாற்றிக் கொடுக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதை உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. குடல் சுவரில் வருடக்கணக்காகக் கழிவு ஒட்டியிருக்கிறது என்பதும் கதைதான். குடலின் உள்தோல் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாகிவிடும். ஒட்டிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. "மூணு நாள் சாறு குடிச்சேன், ரெண்டு கிலோ குறைஞ்சது" என்பார்கள். குறைந்தது உண்மை. உடம்பு சேமித்து வைத்திருக்கிற கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் இரண்டும் சேர்ந்து போகும், நாலு வேளை சோறு சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

அப்புறம் எதற்கு, கீழே நான் சொல்லப்போகிற இந்த ஏழு நாள் சாப்பாட்டு முறை என்று கேட்கலாம். வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க. ஆச்சி வைத்தியத்தில் நிஜமாக வேலை செய்தது விளக்கெண்ணெயை விட அந்த ரசஞ்சோறும் திண்ணையும்தான் என்பது என் எண்ணம்.

தொடங்குவதற்கு முன்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குடல் புண் உள்ளவர்கள் பேதி மருந்துப் பக்கமே போக வேண்டாம். கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கருப்பையைச் சுருங்க வைத்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் கேட்டு மருந்தளவை மாற்றாமல் கஞ்சிக்கு மாறக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். காரணமில்லாமல் எடை குறைகிறது, மலத்தில் ரத்தம், கண் மஞ்சள் என்று இருந்தால் அது சுத்தம் செய்ய வேண்டிய விஷயமில்லை; பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

காலத்தையும் பாருங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் தொடங்காதீர்கள். சாரல் விழுகிற ஆனி, ஆடி நல்லது. கல்யாண வீடு, கோயில் கொடைத் திருவிழா இல்லாத வாரமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வாரம் நம்ம ஊரில் கிடைப்பது கஷ்டம்தான்.

முதல் மூன்று நாள்: எடுத்துவிடுவது

புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மது, புரோட்டா சால்னா, எண்ணெய்ப் பலகாரம், பாட்டில் பானம், இனிப்பு இவற்றை நிறுத்துங்கள். காபி, டீ இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், அதை 'நச்சு வெளியேறுகிற அறிகுறி' என்று யாராவது விளக்கம் சொல்வார்கள். அது காபி கேட்கிற தலைவலி. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்லில் புரோட்டாவைத் தட்டுகிற சத்தம் கேட்காத வழியில் வீட்டுக்கு வருவது நல்லது.

தண்ணீருக்குப் பெரிய கணக்கு வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். ஒரே மூச்சில் மூன்று, நாலு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும்.

நாலாம் நாள் முதல்: கஞ்சியும் துவையலும்

காலையில் சுக்கு மல்லிக் காபி. சுக்கை மேல்தோல் சீவி இடிக்க வேண்டும். சுக்குக்குப் புறத்தில் நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு என்பது நாட்டு வைத்தியத்தின் பாலபாடம். பலகாரத்துக்கு இட்லி, அல்லது முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையது, மோர், சின்ன வெங்காயம். மத்தியானம் தட்டில் சோறு பாதி, வெஞ்சனம் பாதி. வாழைத்தண்டுப் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை, மணத்தக்காளிக் கீரை என்று மாற்றி மாற்றி வைக்கலாம். நாலு மணிக்குச் சுண்டலோ கொய்யாவோ, காலமிருந்தால் நுங்கோ. பதநீர் கிடைத்தால் ஒரு டம்ளர் குடிக்கலாம். ஆனால் அது சர்க்கரை நீர் என்பது நினைவில் இருக்கட்டும். உடன்குடிக் கருப்பட்டி அதைக் காய்ச்சித்தான் வருகிறது. சர்க்கரை வியாதிக்காரருக்குப் பதநீர் 'இயற்கை' என்பதால் சலுகை எதுவும் கிடையாது.

ராத்திரிக்குக் கஞ்சி. புழுங்கலரிசி நொய் ஒரு கை, வறுத்த சிறுபயறு அரைக் கை, நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், வெந்தயம். ஆறு பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து உப்புப் போட்டு, விருப்பமிருந்தால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளப் பிரண்டைத் துவையல்.

பிரண்டையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். வேலியில் பார்த்ததும் முற்றின தண்டாகப் பறித்து வந்துவிடாதீர்கள். நுனியில் இளசாக ஒடிகிற நாலைந்து கணு போதும். நல்லெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு கணுவை ஒடித்து, பக்கவாட்டு நாரை உரித்தெடுக்க வேண்டும். எண்ணெய் தடவ மறந்தால் அன்று முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் செய்கிற வேலை அது. பிறகு இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெயில், பச்சை நிறம் மாறிச் சுருங்கும் வரை பைய வதக்குங்கள். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். உளுந்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கொஞ்சம் இஞ்சி, தேங்காய், கூடவே தாராளமாகப் புளி. புளி இல்லாத பிரண்டைத் துவையலை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். வாய்க்கசப்பும் மந்தமும் போய்ப் பசி எடுக்கும். மூன்று நாளில் காலைக்கடன் ஒழுங்காவதற்குப் பெரும்பாலும் இந்தச் சாப்பாடே போதும்.

அதுவும் பத்தாதவர்களுக்குக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாப் பொடி இருக்கிறது. ராத்திரி வெந்நீரில் கால் ஸ்பூனில் தொடங்குங்கள். கடுக்காயை நீங்களே வாங்கி இடிப்பதானால் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். வயிறு கடுத்தால் நிறுத்துங்கள். நிலாவரையாக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் தொடரக்கூடாது. தினமும் பழகிவிட்டு அது இல்லாமல் போக முடியாமல் தவிக்கிறவர்கள் எனக்கு உறவிலேயே இரண்டு பேர்.

எண்ணெய்க் குளியலுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு என்பது வழக்கம். உடம்பு இதமாக இருக்கும், ராத்திரி தூக்கம் நன்றாக வரும். வியர்வை வழியாக நச்சு போகும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். வியர்வை தண்ணீரும் உப்பும்தான். குற்றாலத்தில் மசாஜ் முடிந்து அருவியில் நின்றுவிட்டு வெளியே வரும்போது இருக்கிற சுகத்துக்கு வேறு விளக்கம் எதற்கு? ஆனால் அந்தச் சுகத்தில் வழியோரத்தில் விற்கிற பெயர் தெரியாத வேரையும் லேகியத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

சாறுகள்

சாறு குடிக்காமல் டீடாக்ஸ் முடியாது என்று நினைக்கிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை.

சுரைக்காய்ச் சாறு குடிப்பதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள். கசப்பு என்பது குக்குர்பிட்டாசின் என்கிற நஞ்சு. கசந்த சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கசப்பு நல்லதுதானே என்று பாகற்காய்ப் பழக்கத்தில் கண்ணை மூடிக் குடித்ததுதான் அவர்கள் செய்த தவறு.

பசலை போன்ற கீரைகளைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது சிறுநீரகத்தில் ஆக்சலேட்டைச் சேர்க்கும். புளிச்சக்காய் என்கிற பிலிம்பிக் காயைச் சாறெடுத்துக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கடைந்து சாப்பிட்ட நம் வழக்கத்தில் பாதி ஆக்சலேட் வடிநீரோடு போய்விடும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைத்தண்டுச் சாறும்கூட ஆகாது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

மூன்றாவது, சீந்தில். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு கஷாயம் வைத்தார்களே, அந்தக் கொடி. அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. எனக்கென்னவோ, கல்லீரலைச் சுத்தம் செய்யக் குடிக்கிற ஒன்றைப் பற்றி அப்படி ஒரு கேள்வி இருக்கும்போது மாதக்கணக்கில் குடிப்பது சரியாகப் படவில்லை.

கீழாநெல்லியையும் இங்கேயே சொல்லிவிடலாம். மஞ்சள் காமாலை என்றாலே நம் கை அதைத்தான் தேடும். 1988இல் சென்னையில் நடந்த ஆய்வொன்று, கீழாநெல்லி எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது; பெரிய செய்தியானது. பின்னால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலை என்பது நோயில்லை, அறிகுறி. பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருந்தாலும் கண் மஞ்சளாகும். அதைக் கீழாநெல்லி எடுக்காது. மோரில் அரைத்துக் குடிப்பதானால் குடியுங்கள், ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு குடியுங்கள்.

சரக்கு வாங்குவது

நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்குவதை விட முழுச் சரக்காக வாங்குங்கள். கடுக்காய் கடுக்காயாகத் தெரியும், பொடிக்குள் என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. பெயர்களில் கவனம் தேவை. ஆவாரை வேறு, நிலாவரை வேறு. பூவைப் போட்டு டீ வைப்பது ஆவாரை. அதற்குப் பதிலாக நிலாவரை வந்துவிட்டால் என் கதைதான். பாக்கெட் மருந்தானால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். பற்பம், செந்தூரம் என்று பெயரில் வந்தால் அதில் உலோகமோ பாதரசமோ சேர்ந்திருக்கலாம். மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது.

பொதிகை மலையில் அகத்தியர் மூலிகை பறிக்கிறேன் என்று பாபநாசத்துக்கு மேலே ஏறுகிறவர்களும் உண்டு. அது 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே இலை பறிப்பது சட்டப்படி குற்றம். அதோடு, எந்த இலை எது என்று தெரியாதவர் கையில் எல்லா இலையும் ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் பேதிக்கு எடுக்க வேண்டுமென்றால்

நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதி என்று சித்த மருத்துவத்தில் ஒரு நியமம் உண்டு. அதை மதிக்கிறவர்கள் அதன் மற்ற பாதியையும் மதிக்க வேண்டும். நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, வயது பார்த்துத்தான் மருந்து. சில பேதி மருந்துகளில் நேர்வாளக் கொட்டை சேர்கிறது. முறைப்படி சுத்தி செய்யாத, அதாவது நஞ்சை நீக்காத நேர்வாளம் ஆளையே சாய்த்துவிடும். கவனியுங்கள், சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்குக்கும் 'சுத்தி' உண்டு.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதோடு சேர்ந்த மருத்துவமனையும் இருக்கிறது. காலையில் போய் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் உட்காருங்கள். சாப்பிடுகிற ஆங்கில மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், மறைக்க வேண்டாம். பல அரசு ஆஸ்பத்திரிகளிலும் சித்தா பிரிவு உண்டு. தனியாரிடம் போவதானால் பி.எஸ்.எம்.எஸ். என்கிற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

மருந்து எடுக்கிற நாளில் வேலைக்குப் போகாதீர்கள், பஸ் ஏறாதீர்கள், வீட்டில் தனியாக இருக்காதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை முன்கூட்டியே தயாராக வையுங்கள்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர். ஓய்ந்தபின் மோர் சோறு. நின்றால் தலை சுற்றுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல் இருப்பது, ரத்தம் கலந்து போவது, கை கால் இழுப்பது, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் "நச்சு போகுது, போகட்டும்" என்று சொல்கிறவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள்.

எட்டாம் நாள்

விரதத்தை விட்டு எழுந்திருக்கிற அன்று பிரியாணிக் கடைக்குப் போகாதீர்கள். திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும், கஷ்டம் விரதத்தில் இல்லை, முடிந்த மறுநாள் இலையில் உட்காரும்போதுதான் இருக்கிறது. முதல் இரண்டு வேளை இட்லி, ரசஞ்சோறு. பிறகு பைய வழக்கத்துக்கு வாருங்கள்.

அந்த வாரத்திலேயே யாராவது மறுவீட்டுக்கு அழைத்துச் சொதி போட்டால் தயங்காமல் போங்கள். தேங்காய்ப்பால் மந்தம் என்று தெரிந்துதான் இலை ஓரத்தில் இஞ்சித் துவையல் வைத்திருப்பார்கள். அதை ஒதுக்கி வைக்காமல் சாப்பிடுங்கள், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குங்கள்.